பிரேக்: நன்று

ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூரில் மோட்டார் வண்டிகளின் பதிவையும் தகுதியையும் கவனிக்கும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது ஒரு குறை என்று அங்கே யாரும் கருதவில்லை. வண்டியைப் பற்றிய தாளை ஓட்டத் தெரிந்தால் போதும்.

சின்னக் கார் வைத்திருந்தவர்கள் எங்களுக்கு ஓயாமல் எழுதுவார்கள். காரை விற்றவர் மெட்ராஸில் இருந்தார், மெட்ராஸ் இப்போது வேறு ராஜ்யம். ஆகவே பக்கத்தில் கிடைத்த சர்க்கார் நாங்கள்தான். பாகாலா வியாபாரி ஒருவரின் காரில், வலது பக்கம் திருப்பினால் இடது பின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அவர் அதைக் கயிற்றால் கட்டியிருந்தார். கதவைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. கயிறு கட்டியது வண்டியின் அமைப்பை மாற்றிய குற்றமாகுமா என்பதுதான் சந்தேகம். ஓர் ஆசிரியரின் காரில் ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். எதிரே வருகிறவனை எச்சரிப்பதா, அவனைப் பார்ப்பதா என்று அவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஒருவர், வண்டியைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றியபோது அது திருப்பியடித்து மணிக்கட்டு முறிந்ததை இடது கையால் எழுதியிருந்தார். ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுச் சுற்றிய பிறகே சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேர்கிறது என்றார் ஒருவர். இறக்கத்தில் கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்றார் இன்னொருவர். பிரேக் மட்டும் எல்லோருக்கும் பொது. முதல் மிதியில் பிடிக்காது, இரண்டாவதில் யோசிக்கும், மூன்றாவதில் பிடித்தாலும் பிடிக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "மற்றபடி வண்டி நல்ல வண்டி."

நான் எல்லாக் கடிதங்களுக்கும் எண் கொடுத்தேன். "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதினேன். அது பொய்யில்லை. அலமாரியில் இருந்தது.

இந்த நிலையில் என் மாமனார் ஒரு சின்னக் கார் வாங்கினார்.

அவர் நகரிப் பக்கத்து கிராமத்தில் கரும்பும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். மெட்ராஸில் ஒரு வக்கீல் கழித்துக்கட்டிய வண்டி அது. முதல் முறை என்னை அதில் ஏற்றிச் சித்தூர் கடைத்தெருவைச் சுற்றிக் காட்டியபோது, எங்கள் அலுவலகத்துக்குத் தனித்தனித் தபாலில் வந்தவையெல்லாம் ஒரே வண்டியில் கூடியிருப்பதைக் கண்டேன். போதாததற்குப் பின் சீட்டில் பெட்ரோல் வாசனை குடித்தனம் நடத்தியது.

"பிரேக் கொஞ்சம் தாமதமா பிடிக்குது போல மாமா" என்றேன்.

"மூணு மிதி மிதிக்கணும் மாப்ள. மாடு ஒரே அதட்டலுக்கு நிக்குதா? இதுவும் அப்டிதான். பழகணும்."

சரி என்று தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் மாமனாரின் பொருளை மாப்பிள்ளை குறை சொன்னால், அது பொருளைப் பற்றிய கருத்தாக நிற்காது. பெண் கொடுத்த வீட்டைப் பற்றிய கருத்தாகிவிடும். என் அண்ணன் ஒருமுறை அவன் மாமனார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு பொங்கலுக்கு அழைப்பில்லாமல் இருந்தான்.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். சித்தூரில் எங்கள் வீட்டில் வளையல் அடுக்கி, அன்றைக்கே அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மாமனார் சொல்லி அனுப்பினார்: பெண்ணைத் தன் காரிலேயே கூட்டிப் போகப் போகிறார். பங்காளி வீட்டுப் பெண் போன மாதம் கூண்டு வண்டியில் வந்து இறங்கினாளாம். இவர் பெண் காரில் வந்து இறங்க வேண்டும்.

சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி, திருப்பதி, அப்புறம் புத்தூர். முதல் பிரசவம். மூன்று மிதியில் பிடிக்கிற பிரேக், தானாகத் திறக்கிற கதவு. ஆனால் பிள்ளைத்தாய்ச்சி புறப்படப்போகிற பயணத்தைப் பற்றிப் பேசும்போது விபத்து என்ற சொல்லை யாராவது வாயில் எடுப்பார்களா? மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று நாலு நாள் யோசித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். அலுவலக நோட்டீஸ் அனுப்பினேன்.

மேற்படி எண்ணுள்ள வாகனத்தைப் பரிசோதனைக்காக ஆஜர்படுத்த வேண்டியது, அதுவரை சாலையில் ஓட்டக் கூடாதது. மேலதிகாரி பத்துக் காகிதத்தோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கோப்பைக் குமாஸ்தா தொடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எனக்கு அது மனப்பாடம்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மாமனார் சொல்லச் சொல்லக் கிராமத்துக் கணக்குப்பிள்ளை எழுதியது: எங்கள் ஊர் ஆந்திராவில் இருக்குமா, மெட்ராஸுக்குப் போகுமா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. வண்டியின் நம்பரோ மெட்ராஸ் நம்பர். எந்த ராஜ்யத்தின் அதிகாரிக்கு பிரேக்கைக் காட்டுவது என்று தில்லி சொன்னபின் காட்டப்படும். அதுவரை வண்டி ஓடும்.

எல்லைக்காக ஊர்வலம் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லையை இவ்வளவு லாபகரமாகப் பயன்படுத்திய ஆள் அவர் ஒருவர்தான்.

ஆனால் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால், காரும் மாமனாரும் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். சரியாகச் சொன்னால், வாசலைத் தாண்டி வேப்பமரத்தின் அருகே நின்றார்கள்.

"இன்னா மாப்ள, மாமனாருக்கே கடுதாசி போடுதா உங்க சர்க்காரு?" என்று சிரித்தார். கோபமே இல்லை. "எங்க ஊர்ல எவனுக்கும் இந்த மாதிரி கவர் வந்ததில்ல. பங்காளி மூஞ்ச பாக்கணுமே. அப்புறம் யோசிச்சிப் பாத்தேன். வண்டி நல்ல வண்டின்னு உங்க ஆபீசே எழுதிக் குடுத்திச்சின்னு வை, எவன் வாயத் தொறப்பான்?"

அவரைத் தடுக்க நான் அனுப்பிய தாள், அவருக்குப் புதிய ஆசையைக் கொடுத்திருந்தது.

எங்கள் இன்ஸ்பெக்டரை ஊரில் எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அது அவருக்குப் பசி வேளை. ஹாரனை அடித்தார், அடித்தது. விளக்கைப் போடச் சொன்னார், எரிந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லவில்லை. மைதானத்தில் மாமனார் வண்டியை நடை வேகத்தில் உருட்டினார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டுவதற்குள் இரண்டு மிதி மிதித்துவிட்டார். மூன்றாவதில் வண்டி நின்றது.

"பர்லேது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனார். பரவாயில்லை என்று அர்த்தம். சான்றிதழ் படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாததால், அதை நான் நிரப்ப வேண்டும். ஹாரன்: நன்று. விளக்கு: நன்று. பிரேக். அங்கே பேனாவைத் தாளிலிருந்து தூக்கினேன். குமாஸ்தா தன் ஆட்சேபத்தைத் தனித்தாளில் குறிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. சொந்தக்காரர் கோப்பைத் தொடக் கூடாது என்ற விதி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்தது, சரியாக அந்த நிமிஷத்தில் என் நினைவுக்கு வந்தது. தொடக்கூடாத கோப்பில் ஆட்சேபம் எழுதுவது முறையா? முறையல்ல. ஆகவே "நன்று" என்று எழுதினேன். மாமனார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு மாப்ள."

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஐந்து வகைச் சோறு, இரண்டு கை நிறைய வளையல். ராகுகாலத்துக்கு முன் புறப்பட வேண்டும் என்று மாமியார் அவசரப்படுத்தினார். கார் வாசலில் மாலையோடு நின்றது. சான்றிதழை மாமனார் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தார், அவர் பார்க்க வேண்டிய சாலையைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு. என் கையெழுத்தின் முன்னால் நின்று நான் என்ன சொல்வது? மாமியார் வலது பக்கம் ஏறினார். என் மனைவி பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினேன். சாத்திய மாதிரி சத்தம் வந்தது.

நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். தெருமுனைகூடப் போகவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "நைனா, நிறுத்து நிறுத்து" என்றாள். மூன்று மிதிக்குப் பிறகு வண்டி நின்றது. அவள் இறங்கிச் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

"பெட்ரோலு நாத்தம் கொடலப் பொரட்டுது நைனா. என்னால இதுல குந்த முடியாது. நான் ரயில்ல வரேன்."

"கண்ணாடிய எறக்கி வுட்டுக்கினு வாம்மா."

"செத்துப்பூடுவேன் நைனா."

"வாயக் கழுவுடி!" என்று மாமியார் பதறினார். "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசுறா பாரு. யோவ், ரயிலுக்கு நேரமிருக்குது. ரெண்டு பேரும் அதுலயே போறோம்."

மாமனாரின் முகம் வாடிவிட்டது. கடைசியில் ஒரு சமரசம் செய்தார். பெண்கள் ரயிலில் திருப்பதி வரைக்கும் வரட்டும். காற்று வாங்கினால் வயிறு சரியாகிவிடும். திருப்பதி ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் காரிலேயே போய் இறங்கலாம். அதிரசத் தூக்கும் தாம்பாளமும் காரில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில். நான் பழையபடி முன்சீட்டில்.

சந்திரகிரிக்கு முன்னால் ஓர் இறக்கம் உண்டு. அதன் அடியில் ரயில்வே கேட். நாங்கள் மேலே வந்தபோது கேட் மூடியிருந்தது. பாகாலா பக்கமிருந்து ரயில் வந்துகொண்டிருந்தது. அவர்கள் ஏறிய அதே ரயில்.

மாமனார் மிதித்தார். மறுபடி மிதித்தார். மூன்று முடிந்து நான்கு, ஐந்து. கியர் நழுவிக்கொண்டது. வண்டி இலேசாகி வேகமெடுத்தது.

"நில்லும்மா. நில்லு கண்ணு. நில்லுடி சனியனே!"

கேட்டுக்கு ஐம்பது கஜம் இருக்கும்போது ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செய்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கார் சாலையைக் குறுக்கே கடந்து, ஓர் ஓடையில் குதித்து எழுந்து, வேர்க்கடலைக் கொல்லைக்குள் உழுதுகொண்டு போய் நின்றது. எங்களுக்கு நெற்றியில் ஒரு வீக்கமும் முழங்காலில் ஒரு சிராய்ப்பும்தான். கேட்டைத் தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தது.

இறங்கிப் பின்னால் பார்த்தோம். இடது பின் கதவு அகலத் திறந்து கிடந்தது. சீட்டில் ஒன்றும் இல்லை. தூக்கு சாலை நடுவில் நசுங்கியிருந்தது. தாம்பாளம் ஓடைக் கல்லில் விழுந்து இரண்டாக மடிந்திருந்தது. அதிரசம் வழியெல்லாம்.

மாமனார் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாமே மாப்ள."

"சொன்னேனே மாமா. நோட்டீஸ் வந்ததே."

"அது ஆபீசு சொல்லிச்சி. நீங்க சொல்லலியே."

நான் மடிந்த தாம்பாளத்தை எடுத்து நிமிர்த்தப் பார்த்தேன்.

பஸ் பிடித்துத் திருப்பதி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். இருவருடைய வேட்டியும் செம்மண் நிறம். பெண்கள் பிளாட்பாரம் பெஞ்சில் காத்திருந்தார்கள். மாமியார் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"காரு எங்க?"

"கொல்லையில நிக்குது."

"யாரு கொல்லையில?"

"யாருக்குத் தெரியும்? மல்லாக்கொட்ட போட்டிருக்கான்."

"அதிரசம்?"

"காக்கா துன்னுக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டு, புத்தூருக்கு டிக்கெட் எடுக்க மாமனார் போனார். மாமியார் அவர் பின்னாலேயே கேள்விகளோடு போனார்.

நான் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததை அவளுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முழங்காலைப் பார்த்தாள், அப்புறம் என் நெற்றியை.

"வயிறு இப்ப எப்படி இருக்கு? வாந்தி நின்னுதா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா வாந்தி? பெட்ரோலு வாசன எனக்கு ரொம்ப புடிக்கும். வெரல வுட்டு எடுத்தேன்."

நான் அவள் விரலைப் பார்த்தேன்.

"வீட்ல குந்திக்கினு அந்த நோட்டீச மூணு தபா அடிச்சி அடிச்சி எழுதினீங்களே, பாத்துக்கினுதான் இருந்தேன். நைனா கிட்ட இன்னிக்கு சொல்லுவாரு, நாளைக்கு சொல்லுவாருன்னு பாத்தேன். கதவச் சாத்தும்போதாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"நீயாவது உங்க நைனாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு நெனைப்பாரு."

அது உண்மைதான். அந்த வீட்டின் விதிகள் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. விதியை மீறாமல் காரியத்தை முடிக்கும் வழியும்.

புத்தூர் வண்டி வந்தது. நால்வரும் ஏறினோம். உள்ளே புழுக்கம். மாமனார் இடம் பிடிக்க முயலாமல் திறந்திருந்த கதவோரம் போய், கம்பியைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்றார். வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"மாமா" என்றேன். ரயில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "மாமா, அங்க நிக்காதீங்க. வண்டி ஆட்டுது, விழுந்துடுவீங்க. உள்ள வாங்க."

மாமியார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மாமனார் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.