எதிர்க்கடைக்காரர் என்ன ஆனார்?

காதர் பாஷா பாய் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் முருகேசன். உத்திரமேரூர் கடைத்தெருவில் பாயின் பம்புசெட் கடைக்கு நேர் எதிரே அதே வியாபாரம் செய்பவர். நான் கல்லூரியில் தேர்வறை மேற்பார்வையில் இருந்தேன். மூன்று முறை அழைத்திருந்தார். "மேடம், பாய் பூட்டாரு. நாஷ்டா துன்னுக்கினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார்.

மாலைக்குள் நம் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. 'பாயின் வாழ்விலிருந்து ஐந்து வணிகப் பாடங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது பாடத்திலேயே பாய் எழுந்து எல்லோருக்கும் டீ சொல்லப் போயிருப்பார். அவரை அறிந்த நமக்கு இது தெரியாதா?

மாதம் ஒரு ஞாயிறு, நூலக மாடியில், பழைய வணிகர்களின் உண்மைக் கதைகளைப் படிக்கிறோம். நான் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கதை முடிந்ததும், இதிலிருந்து இன்றைக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று நான் தொடங்குவேன். பாய் கை தூக்குவார்.

"அது இருக்கட்டும் மேடம். எதிர்க்கடக்காரரு இன்னா ஆனாரு?"

"அது புத்தகத்தில் இல்லை, பாய்."

"அப்ப பாதி புக்குதான் வாங்கிக்கினு வந்துகிறீங்க. மீதிய எங்க வுட்டீங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். விவாதம் அத்தோடு கெட்டது. நான்கு வருடம் இதே கதைதான். வென்றவர்களை மட்டும் பார்த்து விதி செய்யக்கூடாது என்று வகுப்பில் நான் சொல்வதைத்தான் அவரும் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். எரிச்சல் அதனாலேயே கூடியது.

இப்படிக் கேட்டவரே ஒரு கதையில் போய் விழுந்தார். விற்ற பொருளைக் கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கியே பெரிய ஆளான ஒரு ஜவுளிக்காரரின் கதை. மறு வாரமே பாயின் கடையில் அப்படியொரு பலகை தொங்கியது. "அவர் விற்றது துணி, நீங்கள் விற்பது ஆயில் இன்ஜின்" என்றேன். "பொருளு எதுவானா இன்னா மேடம், ஜனம் ஒண்ணுதான?" என்றார்.

நம் பக்கத்தில் ஆயில் இன்ஜின் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்ட கடைசி ஒரு மாதம், பள்ளத்தில் கிடப்பதை இறைத்துப் பயிரைக் காப்பாற்ற. அந்த வருடம் எல்லோரும் பாயிடமே வாங்கினார்கள். அறுவடை முடிந்ததும் வரிசையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். திருப்புலிவனத்துக்காரர் ஒருவர் டிராக்டரிலிருந்து சேறோடு இறக்கியதை நானே பார்த்தேன்.

"இன்னா நைனா, ரிப்பேரா?" என்றார் பாய்.

"ரிப்பேரெல்லாம் இல்ல பாய், சூப்பரா ஓட்ச்சி. நெல்லு வூடு வந்து சேந்துட்ச்சி. இப்ப புடிக்கல."

"ஒரு மாசம் புட்ச்சிது, இப்ப புடிக்கலையா?"

"கேள்வி கேக்கமாட்டேன்னு நீதான போர்டு போட்டுகீற?"

பாய் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு இன்ஜினைக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கிடங்கு நிரம்பியது, கடை மூழ்கும் நிலை. எதிரே முருகேசன் கடைப்பக்கம் அந்தப் பருவம் முழுக்க ஒருவரும் போகவில்லை. 'கடை வாடகைக்கு' என்று அவர் ஷட்டரில் தாள் ஒட்டிவிட்டார். ஒரு புத்தகத்தின் பாடம் இரண்டு குடும்பங்களின் பிழைப்பையும் இழுத்து மூட இருந்தது; அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவள் நான். பலகையைக் கழற்றச் சொல்லி மூன்று முறை போனேன். மூன்றாம் முறை பாய் தன் கடையில் இல்லை, எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"முருகேசா, இஞ்சினப் பிரிச்சிக் கோக்க உனுக்குத் தெரியும். எனுக்கு வாய்தான் தெரியும். எல்லாத்தையும் நீ வச்சிக்க. ரெடி பண்ணி சீசனுக்கு வாடகைக்கு வுடு. வர்றதுல பாதி பாதி."

"போர்டு போட்டு என் பொயப்புல மண்ணப் போட்டுட்டு, இப்ப பார்ட்னரா பாய்?"

"நீ இன்னா ஆனேன்னு கேக்கத்தான்யா வந்தேன்."

ஷட்டரில் ஒட்டிய தாளைக் கிழிக்க முருகேசன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு கடைகளும் இன்றும் இருக்கின்றன. இதை வாடிக்கையாளரின் உண்மையான தேவையைக் கண்டுகொண்ட உத்தி என்று வட்டத்தில் நான் விளக்கியபோது பாய் தலையில் அடித்துக்கொண்டார். "உத்தியா? பேஜாரு மேடம் அது. இஞ்சின வைக்க எடமில்ல."

எல்லாவற்றையும் திரும்ப வாங்கிய மனிதர், ஜவுளிக்காரர் கதை இருந்த என் புத்தகத்தை மட்டும் கடைசிவரை திருப்பித் தரவில்லை. எத்தனை முறை கேட்டிருப்பேன். போன வாரம் அவர் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், கட்டம் கட்டிப் பாடம் அச்சிட்டிருக்கும் இடத்துக்குக் கீழே, பென்சிலில் ஒரே சொல்: 'எதிர்க்கடை?'

புத்தகத்தை நான் அலமாரியில் வைக்கவில்லை. இந்த ஞாயிறு கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். முருகேசனையும் வரச் சொல்லியிருக்கிறேன். கதை முடிந்ததும் யாராவது கை தூக்கியாக வேண்டும். ஒருவரும் தூக்காவிட்டால் நானே கேட்கிறேன். பாய் எனக்கு விட்டுப்போனது அந்த வேலைதான்.