தகர மூடியில் ஒரு துளை

போன வாரம் மகள் வீட்டுக் கியர் சைக்கிளைப் பழுதுபார்க்க ஒருத்தர் வந்தார். ஸ்பேனரே எடுக்கவில்லை. ஒரு சின்னப் பிடியைத் திருப்பினார், முன்சக்கரம் கையோடு வந்துவிட்டது. அச்சு என்னடாவென்றால் குழாய் மாதிரி உள்ளே வெறும் ஓட்டை. அவர் மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்ததும் நான் நாற்காலியை இழுத்து அவர் கைக்கு நேராகப் போட்டுக்கொண்டேன்.

"அப்பா யாரையும் நம்ப மாட்டாவ" என்றாள் மகள்.

உண்மைதான். பாலில்கூட விரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.

மண்ணெண்ணெய் வாடை என்றாலே எனக்கு சங்கரன்கோவில் ரதவீதியும் வேலுச்சாமியின் சைக்கிள் கடையும்தான். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த புதிது. வேலுவுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பருத்தி மண்டியில் வேலைபார்த்தேன். குருவிகுளம், இளையரசனேந்தல் என்று கரிசல் பாதையில் சுற்றுவதற்கு ஒரு பழைய இங்கிலீஷ் சைக்கிள் வைத்திருந்தேன். சீமைச் சாமான் கிடைக்காத காலம். நல்ல அச்சைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் வண்டியைக் கடையில் விடுமுன் ஆளுக்கொரு அடையாளம் வைப்போம். அச்சு முனையில் அரத்தால் கீறுகிறவர்கள் உண்டு, சாயம் தொட்டு வைக்கிறவர்கள் உண்டு. நான் ஒருபடி மேலே போனேன். பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்றியபோது, சிகரெட் டப்பாவின் தகர மூடியில் ஒரு துளை போட்டு, அச்சு சரியாக நுழையும் அளவுக்கு அராவி வைத்துக்கொண்டேன்; அச்சை மாற்றினால் மூடி காட்டிக்கொடுத்துவிடும். முன்னும் பின்னும் ஒன்றுதானே என்று முன்னச்சை அளக்கவில்லை. என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

ஒருநாள் முன்சக்கரம் கரகரத்தது. வேலுவிடம் விட்டேன். சாயங்காலம் வண்டியை வாங்கியதும் கடை வாசலிலேயே நட்டைக் கழற்றி, முன்னச்சில் மூடியை மாட்டினேன். தொளதொளவென்று ஆடியது. பனவடலிசத்திரத்துக்காரர் இரண்டு பேர் தங்கள் வண்டிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

"என் அச்ச எங்கன வே ஒளிச்சு வச்சிருக்கீரு?"

வேலு மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கடையில் நின்ற மூன்று வண்டிகளின் நட்டுகளைக் கழற்றி, ஒவ்வோர் அச்சிலும் அதை மாட்டிக் காட்டினான். பின்னச்சு மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. முன்னச்சு மூன்றும் என்னுடையதைப் போலவே ஆடின.

"பின்னச்சு காலே அரைக்கால் அங்குலம், முன்னச்சு காலே மாகாணி. இங்கிலீஷ் வண்டின்னா இதான் வே அளவு. தடிச்ச அச்சு முன் போர்க்குக் கவையில நுழையவே செய்யாது."

பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம் என்று பின்னங்களை முழுக்க ஒப்பித்தவன் நான். அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று; இரண்டுக்கும் ஒரு மாகாணிதான் வித்தியாசம். அந்த ஒரு மாகாணிக்கு ஒருவனைத் திருடனாக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், பனவடலிசத்திரத்துக்காரர்கள் வண்டிகளை உருட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. எதற்கும் பார்த்துக்கொள்வது நல்லதுதானே என்று முனகிவிட்டு வண்டியில் ஏறினேன். அந்தப் பக்கத்து வண்டிகள் அவன் கடைக்கு வெகுநாள் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த தடவை போனபோது, தன் எதிரே ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தான். முன்சக்கரத்தைப் பிரித்து, பக்கத்துக்குப் பத்தாக இருபது பேரிங் குண்டுகளையும் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"எண்ணிக்கிடுங்க சார்."

ஒன்றாகச் சினிமா பார்த்து, ஒரே இலையில் பரோட்டா தின்று, உரிமையோடு வே என்று கூப்பிட்டவன்.

வேலுவும் போய்விட்டான், கடையும் போய்விட்டது. மாகாணி என்றால் மகளுக்கே தெரியாது, எல்லாம் மில்லிமீட்டர். மூடி மட்டும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. துளையின் ஓரம் துருவேறி உதிர்ந்துவிட்டது. இப்போது பின்னச்சில் மாட்டினாலும் ஆடும்.

இருபது வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு குண்டுகூட ஒருநாளும் குறைந்ததில்லை. அவன் என்னை மறுபடி வே என்று கூப்பிட்டதும் இல்லை.