சூடாகாத ஆம்ப்ளிஃபையரும் சில குரல்களும்

ஆம்ப்ளிஃபையர் விற்கிறவருக்குச் சத்தம் வந்தாலும் பேச்சு விழும், வராவிட்டாலும் விழும். கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில் பினாங்கு பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு சின்ன கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தேன். கிளாஸ் டி என்ற புது ரக ஆம்ப்ளிஃபையர் போர்டு செய்தோம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வீட்டில் சொந்தமாக செட் கட்டுகிறவர்களும் சின்னத் தயாரிப்பாளர்களும் வாங்கினார்கள். சோதிப்பதும் நான், கோளாறென்றால் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்ப்பதும் நான்.

தொட்டுப் பார்த்தவர்

பக்கத்து ஊரான ஜுருவில் கோவிந்தன் அண்ணே விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் செட் செய்து விற்பவர். பழைய ரக ஆம்ப்ளிஃபையர் மேல் கை வைத்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். எங்கள் போர்டு நான்கை வாங்கிப் போனவர், மறுநாளே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கெட்டுவிட்டதா என்றேன். இல்லை, நன்றாகப் பாடுகிறதாம். ஒரு மணி நேரம் முழுச் சத்தத்தில் போட்டுவிட்டுத் தொட்டிருக்கிறார், சில்லென்று இருந்ததாம். வழக்கமான இரைச்சலும் இல்லை. பாட்டு நின்றதும் கடைக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்ததாம்.

மின்சாரம் வீணாவதில்லை, அதனால் சூடு இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பா நெத்திய கடைசியா தொட்டப்ப இப்படித்தான் இருந்துச்சு லா, தங்கச்சி. அவரு பாடல, இது பாடுது."

ஸ்பீக்கர் இல்லாத அறை

சோதனை அறையில் ஸ்பீக்கர் கிடையாது. அதற்குப் பதில் சத்தம் போடாத ரெசிஸ்டர்களை மாட்டி, ஒரு பாட்டு கேசட்டை மணிக்கணக்கில் ஓடவிடுவோம். மதியச் சாப்பாட்டு நேரம், வெளியே மற்ற மெஷின்கள் நின்றிருந்தன. என்னோடு வேலை செய்த சாந்தி வெளியே ஓடிவந்தாள். உள்ளே பாடுகிறார்கள் என்றாள்.

போய்க் காதை வைத்தேன். உண்மைதான். போர்டிலுள்ள கொயில், அதாவது கம்பிச் சுருள், மின்சாரத்தில் லேசாக அதிரும். இருபது போர்டும் ஒரே பாட்டை, எறும்புக்குத் தொண்டை இருந்தால் பாடுவது போலப் பாடிக்கொண்டிருந்தன. கேசட்டை நிறுத்திக் காட்டினேன், அடங்கியது. சாந்தி நம்பினாள். ஆனாலும் அன்றிலிருந்து கதவைத் தட்டாமல் அவள் உள்ளே போனதில்லை.

"கொயில்தான், தெரியுதுக்கா. ஆனா இருவது பேரு உள்ள பாடுறப்ப தட்டாம எப்படிக்கா போறது?"

ஐந்து மணிக்கு வந்த குரல்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீடு. ஓய்வுபெற்ற கிளார்க் அருளம்பலம் ஐயா எங்கள் போர்டில் செட் கட்டியிருந்தார். "கீழ் வீட்டு ரேடியோவில ஏதோ குழப்பமாம், வந்து பாருங்கோ பிள்ளை" என்று போன் செய்தார். முதலில் கீழ் வீட்டுக்குப் போனேன். தனபாக்கியம் அக்கா ரேடியோவுக்குத் திருநீறு பூசி வைத்திருந்தார்.

"மேல் வீட்டு சரஸ்வதி செத்து ஆறு மாசம். மூணு வாரமா அஞ்சு மணிக்கு இதுல பேசுறா. அங்க குளிரான்னு கேக்குறா, பிள்ள. செத்தது அவளா, நானா?"

ஐந்து மணி. செய்தி வாசிப்பவர் குரல் அமிழ்ந்தது. தண்ணீருக்கடியிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அங்க குளிரோ? சாப்பிட்டியோ?"

மாடிக்கு ஓடினேன். ஐயா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அதே குரல் ஸ்பீக்கரில் தெளிவாக வந்துகொண்டிருந்தது. லண்டனிலிருக்கும் மகனுக்கு அவர் மனைவி பேசிப் பதிந்த கேசட். தபாலில் போடுமுன் நோயில் படுத்துவிட்டாராம். எங்கள் போர்டு ஒலியை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். தகரப் பெட்டிக்குள் வைக்காவிட்டால் பக்கத்து ரேடியோவில் போய் விழும். ஐயா பெட்டி போடவில்லை. நான் போட்டேன், நாலு ஸ்க்ரூ முடுக்கினேன். கீழே செய்தி சுத்தமாகக் கேட்டது.

தனபாக்கியம் அக்கா படியேறி வந்தார். ஐயா கேசட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். "அப்ப அது நெசமாவே அவ குரல்தானா?" என்றார் அக்கா. ஐயா "ஓம்" என்று தலையாட்டினார். அக்கா நன்றி சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயந்தேன், இல்லேங்கல. ஆனா இன்னிக்கு, இங்க குளிரல சரசுன்னு பதில் சொல்லணும்னு இருந்தேன் பிள்ள. அதுக்குள்ள அவ வாய அடைச்சிட்டியே."

சத்தம் வெளியே கசியாமல் அடைக்கத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும், அந்த நாலு ஸ்க்ரூவையும் நானே கழற்றிப் பெட்டியை எடுத்துவிட்டு வந்து, ரிப்போர்ட்டில் 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்றுதான் எழுதினேன்.