விரல் நுனியில் கருகிய வாடை

மின்னலைகளைத் திரையில் காட்டும் என் பழைய ஆசிலோஸ்கோப் அன்று புகைந்தது. பாளையங்கோட்டை வீட்டில் முறைப்படி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எந்தப் பாகம் சுடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. ஒரு ரெசிஸ்டரின் மேல் விரலை ஊன்றியபடி குனிந்து மோப்பம் பிடித்தேன்.

"ஏங்க, இங்கன என்ன கறி பொசுங்குத வாடை அடிக்கு?" என்று கேட்டபடி மனைவி வந்தாள்.

"சைவ வீட்டுல ஏது கறி? உனக்கு வேற சோலி இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள். "மொதல்ல விரல எடுங்க."

எடுத்தேன். தோல் ரெசிஸ்டரிலேயே ஒட்டிக்கொண்டது. வலிக்கவே இல்லை.

சர்க்கரை நோய் நரம்பைத் தின்னும் என்று மருத்துவர் எச்சரித்தபோது, அது அசட்டையானவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். புண் ஆறாமல் விரல் நுனியை வெட்டி எடுத்தார்கள். மின்சாரத்தை அளக்கும் முன் மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். இப்போது என் குளியல் வெந்நீரை அவள்தான் தொட்டுப் பார்க்கிறாள்.