தமிழரசு பேசினால் ஃபேன் நிற்கும்

புதுச்சத்திரம் தமிழரசுவைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. லாரி பாடி கட்டும் பட்டறையில் அவரைப் போல ஒயரிங் செய்ய ஆளில்லை என்பது ஒன்று. ஓய்வு நேரத்தில் வெளிநாட்டோடு பேசுகிறார், அது எங்கே போய் முடியுமோ என்பது இன்னொன்று. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். மொட்டை மாடியிலிருந்து வேலியோரத் தென்னை வரை ஆன்டெனாக் கம்பி இழுத்திருக்கிறார். முகம் தெரியாதவனிடம் இத்தனை பேச என்ன இருக்கிறது என்று மனைவி சௌந்திரம் இன்றுவரை கேட்கிறார்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு மத்தியானம் பல்கேரியாக்காரர் ஒருவர் ரேடியோவில் மாட்டினார். ஹெட்போன் ரிப்பேர் என்பதால் அன்று காது வெறுமையாக இருந்தது. வெயிலைப் பற்றி அக்கறையாக விளக்கிக்கொண்டிருந்த தமிழரசுவுக்கு ஏதோ ஒரு சத்தம் குறைவது போலப் பட்டது. பக்கத்துத் தோட்டம் சென்னிமலையின் கோழிப்பண்ணை. நாலு பக்கமும் மூடிய ஷெட். பத்தாயிரம் கோழிக்கும் மூச்சு, பெரிய ஃபேன்கள் இழுக்கிற காற்றுதான். அந்த ஃபேன்கள் நின்றிருந்தன.

பேசுவதற்காக அழுத்திப் பிடித்திருந்த மைக் பொத்தானை விட்டார். ஃபேன் ஓடியது. அழுத்தினார். நின்றது. இன்னொரு முறையும் அழுத்தினார், அது ஆராய்ச்சிக்காக. அதற்குப் பிறகுதான் ரேடியோவை அணைத்தார். பல்கேரியாவிடம் விடைபெறக்கூட இல்லை.

காரணம் உடனே புரிந்துவிட்டது. ஷெட்டின் வெப்பமானிக்குப் போகும் நீள ஒயர் இவருடைய ரேடியோ அலையை வாங்கிக்கொள்கிறது. கன்ட்ரோல் பெட்டி, உள்ளே ஏற்காட்டுக் குளிர் அடிப்பதாக நம்பி ஃபேனை நிறுத்துகிறது. குளிர்தானே என்று அலாரமும் அடிப்பதில்லை. போன வாரம் சென்னிமலை செத்த கோழிகளைக் கூடை கூடையாக அள்ளிப்போனது ஞாபகம் வந்தது. "வெயில் அப்படிங்ணா" என்று வேலியோரம் நின்று தானே ஆறுதல் சொன்னதும் ஞாபகம் வந்தது.

அன்று முதல் ரேடியோ ஊமை. தமிழரசுவும் ஏறக்குறைய அப்படித்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் போனார்.

கொல்லைப் பக்கமாகவே சென்னிமலை வந்தார். கன்ட்ரோல் பெட்டிக் கம்பெனி ஆள் பார்த்துவிட்டுப் பெட்டியில் குறையில்லை என்று போய்விட்டானாம். இனி ஒரு தடவை நின்றால் பண்ணையே போச்சு என்றார். கரண்ட் தெரிந்த ஆள் நீதான் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். குற்றவாளி முறைப்படி துப்பறிய அமர்த்தப்பட்டார். அவர் பெட்டிமுன் உட்கார்ந்திருந்தவரை ஃபேன் நிற்கவில்லை. நிறுத்துகிறவர் அங்கே அல்லவா உட்கார்ந்திருந்தார்!

"தமிழு, நீ இங்க இருந்தா ஒழுங்கா ஓடுது. வெயில் தணியற வரைக்கும் தெனமும் மத்தியானம் வந்து உக்கோந்துக்கறயா சாமி?"

கூடவே தட்டில் இரண்டு அவித்த முட்டை வந்தது. தமிழரசு தட்டைத் தள்ளி வைத்தார்.

ஒயரில் ரேடியோ அலையைத் தடுக்கும் கருப்பு ஃபெரைட் வளையம் மாட்டினால் சரியாகும். ஆனால் சரியாயிற்றா என்று பார்க்க இவர் அங்கே வீட்டிலிருந்து ரேடியோவில் பேச வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவர் இங்கே நிற்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் வழி சென்னிமலையின் முகத்தில்தான் போய் முட்டியது.

"அண்ணா, ஃபேனை நிறுத்தறது நாந்தானுங்க."

சென்னிமலை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நிறுத்திக் காட்டச் சொன்னார். ஃபேனைக் கையால் ஓட்டும் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு போனில் காத்திருந்தார். தமிழரசு வீட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினார். ஃபேன் சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் பத்தாயிரம் கோழிகள் முனகுவது போனில் கேட்டது. சென்னிமலை சுவிட்சைத் தட்டினார்.

ஃபேன் மறுபடி ஓடியது. பிறகு, "அந்த மைக்கக் கழட்டிக்கிட்டு வா" என்றார்.

வளையங்கள் மாட்டியாயிற்று. ஆன்டெனாக் கம்பியும் வேறு பக்கம் போயிற்று; ஃபேன் அதன்பின் நின்றதில்லை. மைக் மட்டும் பண்ணையில், தடுப்பு மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. தமிழரசு போய்க் கேட்டால் சென்னிமலை வெயிலைப் பார்ப்பார், ஷெட்டைப் பார்ப்பார், அப்புறம் தருவார். பேசி முடியும்வரை சுவிட்சில் விரலோடு நிற்பார். இங்கே தமிழரசு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே பொத்தானை விடாமலேயே ஜன்னலில் காதை வைத்து, ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறார்.