ஆயுத பூஜை அன்று எடுத்த பேக்கப்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் செத்த மிஷினைப் பிழைக்க வைப்பது பெரிய விஷயமில்லை. பிழைத்த பிறகு அது என்ன பேசும் என்பதில்தான் வம்பே இருக்கிறது. என்னைப் போலத் தென்காசி, குற்றாலம் லாட்ஜுகளில் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து நகம் கடிக்கிற தொழில்காரர்களுக்கு இது புரியும்.

டிஸ்க் இல்லை

போன ஆடியில், குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். முதல் நாள் இடியில் சர்வர் கருகிவிட்டது. அறைப் பதிவு மட்டுமல்ல, தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டால் எல்லா அறைக்கும் ஸ்பீக்கரில் சொல்வதும் அந்த மிஷின்தான். அன்று காலையிலிருந்தே தடை. அறையெல்லாம் குழந்தை குட்டிகளோடு ஆட்கள். லாட்ஜுக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்கும் பாதையில் போலீஸும் கிடையாது. ஓனர் அண்ணாச்சி மாடிக்கும் கீழுக்குமாக நடந்து, கதவு கதவாகத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையில் இருந்தது ஒரே பேக்கப். அந்த லாட்ஜில் மிஷினை நிறுத்துவதே ஆயுத பூஜை அன்றுதான். சந்தனம் குங்குமம் வைக்க நிறுத்துவார்கள், அந்தச் சாக்கில் நான் பேக்கப் எடுத்துக்கொள்வேன். வேறொரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரை உருவாக்கி, அந்தப் பேக்கப்பை அதில் இறக்கி, ஆன் செய்தேன். துவங்குவதற்கு டிஸ்க்கே இல்லை என்றது. பழைய சர்வர் பழைய பயாஸ் முறையில் துவங்குவது. நான் மெய்நிகர் மிஷினைப் புது முறையில் உருவாக்கியிருந்தேன். என் மடத்தனம். ரிசப்ஷன் செல்வி பின்னால் நின்று திரையை வாசித்தாள். அறிவிப்புகளையெல்லாம் தன் குரலில் பதிவு செய்து வைத்தவர், அவளுக்கு முன்னால் ரிசப்ஷனில் இருந்த கோமதி அக்கா. அந்த வருஷம் தையிலேயே காலமாகிவிட்டார்.

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது. கோமதிக்கா மட்டும் உள்ள இருப்பாங்கல்லா?" என்றாள் செல்வி.

நீலத் திரை

முறையை மாற்றியதும் விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, நீலத் திரை விழுந்தது. தானே மறுபடி துவங்கியது, மறுபடியும் நீலம். ஏழெட்டுத் தடவை. டிஸ்க்கை மாட்டியிருந்த கண்ட்ரோலர் வகை அந்தப் பழைய விண்டோஸுக்குத் தெரியாதது, அவ்வளவுதான். நமக்கெல்லாம் தினம் நடப்பது. ஆனால் ஒவ்வொரு தடவை விழும்போதும் சுவரிலிருந்த ஸ்பீக்கரில், யாரோ பேசுவதற்கு மூச்சிழுப்பது போல ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணாச்சி வந்து திரையைப் பார்த்தார். "வர மனசில்லன்னா விட்ருலே, வற்புறுத்தாத" என்றார்.

பேச்சு வந்தது

கண்ட்ரோலரை மாற்றினேன், மிஷின் எழுந்தது. அங்கேதான் தப்புச் செய்தேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்திருக்க வேண்டும். ஆயுத பூஜை அன்று நிறுத்தியபோது சொல்லாமல் விட்டுப்போன அறிவிப்பு ஒன்று வரிசையில் நின்றிருக்கிறது. எழுந்த மிஷின் முதல் வேலையாக அதைச் சொன்னது. "தண்ணி குறஞ்சிட்டு. தடை எடுத்தாச்சு. எல்லாரும் குளிக்கப் போலாம்." கோமதி அக்கா குரல், வராந்தா முழுக்க. செல்வி அழுதுவிட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தால், நான்காம் நம்பர் அறைப் பெண் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு ஆற்றுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். மிஷின் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆற்று இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொன்றது நான்தான் என்று நினைத்தபடியே ஓடினேன். வளைவில் மூவரும் எதிரே ஏறி வந்தார்கள்.

"அந்தக்காதான் மறுபடி மைக்ல கூப்பிட்டாங்களே, தண்ணி வருது, திரும்பி வாங்கன்னு" என்றார் அந்தப் பெண்.

வரிசையில் ஒன்றுதான்

நான் வாசலைத் தாண்டும் முன்பே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டதாகச் செல்வி சத்தியம் செய்தாள். அதற்கப்புறம் ஸ்பீக்கரில் பேச்சே இல்லையாம். வயரைக் கழற்றிவிட்டு மிஷினை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். வரிசையில் இருந்தது அந்த ஒரே அறிவிப்பு. சொல்லி முடித்ததாகக் குறித்திருந்தது. பதிவுகளில் 'திரும்பி வாங்க' என்று எதுவுமே இல்லை. மூன்று தடவை தேடினேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கோமதி எதையும் ரெண்டு தடவ சொல்ல மாட்டா. பிள்ளைங்க தண்ணிப் பக்கம் போனா மட்டுந்தான் சொல்லுவா."

ஆகவே தொழில்காரர்களே, மிஷின் எழும்போது பூட் எரர் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், எரர் காட்டுகிற வரைக்கும்தான் மிஷின் நம் கையில் இருக்கிறது.