ஒரு வீட்டுக்கு ஒரு பை தான்

பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குத் தண்டனை அனுபவிப்பது வீட்டிலிருக்கும் குழந்தை. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. நைனாவும் சித்தப்பாவும் ஒன்றாகக் குடும்பம் நடத்திய வீடு அது. அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து பழக்கி வைத்திருந்த மீன் சட்டியைச் சித்தி ஒருநாள் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. என் நிம்மதியும் அன்றோடு போனது.

சித்தி தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். நைனாவும் சித்தப்பாவும் கூடிப் பேசி, சமையலறைக்கு நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிடுவது என்று முடிவு கட்டினார்கள். செங்கல் வந்து கொல்லையில் இறங்கியது. கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தது. சுவர் வந்துவிட்டால் சித்தி கையால் சோறு கிடைக்காதே என்று எனக்கு அழுகை முட்டும். ஆனால் அழக்கூட நேரம் கொடுத்தார்களா? பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போதுதான் அம்மா கூப்பிடுவாள்.

"உங்க சித்தியாண்ட போய் உப்பு கீதான்னு கேளு."

போய்க் கேட்பேன். "உப்பு தீந்துபூட்ச்சின்னு உங்கம்மாவாண்ட சொல்லு." சித்தி சொன்னது அம்மாவுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் திரும்பி நடந்து வந்து அதை ஒப்பிக்கிறவரை, அம்மா காது கேளாதவள் மாதிரி கரண்டியோடு நிற்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆன்ட்டி ஒரு போட்டியை வைத்தாள். தெருமுனையில் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டின் மனைவி; ஊருக்கே ஆன்ட்டி. முழங்கால் வரைக்கும் கவுன் போட்டுக்கொண்டு, மீன்காரியிடம் எங்கள் பாஷையிலேயே மல்லுக்கு நிற்பாள். இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு அவள் வீட்டில் பை என்றொரு பண்டம் செய்வார்கள். மைதா மாவில் கிண்ணம் மாதிரிச் செய்து, உள்ளே கொத்துக்கறியை அடைத்து, மேலே மாவாலேயே மூடிச் சுட்டெடுப்பது. அதைத் தெரு முழுக்கக் கொடுத்தனுப்புவாள். பெண்கள் விரலைச் சூப்பியபடியே உப்பில்லை, காரமில்லை என்பார்கள். அந்த வருஷம் ஆன்ட்டி பொறுமை இழந்தாள்.

"துண்ணுட்டு கொறை சொல்றீங்கோ! நாயித்துக்கெழம நீங்கோ செஞ்சி எட்த்தாங்கோ, பாப்போம். கெலிச்சவங்களுக்கு என் தட்டு. ஒரு வூட்டுக்கு ஒரு பை தான், சொல்லிட்டேன்."

நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு அது. அம்மா பெயர் கொடுத்தாள். பின்கட்டிலிருந்து சித்தியும் பெயர் கொடுத்தாள். கேட்டால், இனிமேல் அது வேறு வீடாம்!

ரேஷன் காலத்தில் மைதா கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததை அம்மா வெந்நீர் விட்டு, முழங்கை நோகப் போட்டு அடித்துப் பிசைந்தாள். மாவென்றால் அடித்துத்தான் பிசைய வேண்டும் என்பது எங்கள் தெருவின் வேதவாக்கு. சட்டியில் மணல் பரப்பி, தட்டை உள்ளே வைத்து, மூடிமேல் தணல் கொட்டிச் சுட்டாள். வந்தது பை இல்லை, ஓடு. நைனா கடித்துப் பார்த்துவிட்டு, இதை வைத்தே சுவரைக் கட்டிவிடலாம் என்றார். அன்று இரவு நைனாவுக்கு ரசம் மட்டும்தான்.

"நீ இன்னா சும்மா தானே கீறே? உங்க சித்தி இன்னா பண்றான்னு பாத்துகினு வா" என்றாள் அம்மா.

சித்தியின் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். துரைமார் பண்டங்களெல்லாம் சித்திக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி இயல்பில் வாய் திறக்காதவள். அடுப்படியில் அவள் இருக்கிறாளா என்று வளையல் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவள் அன்று மாவோடு பேசினாள், அதுவும் ஏலம் போடுகிறவன் குரலில்.

"இத்த சப்பாத்தி கணக்கா பிசையக்கூடாது! வெண்ணெய வெரல் நுனியால உதுத்துக்கினே இருக்கணும். சூடு பட்டா கல்லாப்பூடும். அதுக்குத்தான் பேசின் அடியில ஐஸ்!"

மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ்கட்டி ஒன்று, சாக்கில் சுற்றி பேசினுக்கு அடியில் இருந்தது. பைத்தியக்காரச் சித்தி, இப்படியா தன் ரகசியத்தைத் தானே உளறிக் கொட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே ஓடிப்போய் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலம் எங்கள் பேசினுக்கு அடியிலும் ஐஸ் வந்துவிட்டது.

அம்மாவின் பலம் உள்ளே வைக்கிற இறால் தொக்கு. சித்தி வைத்திருந்ததோ பத்தியக் கஞ்சி மாதிரி, மிளகும் பாலும். தொக்கு வதக்கும்போது என்னைச் சமையலறைப் பக்கமே அண்டவிடாத அம்மா, அன்று பலகை போட்டுப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

"நல்லா பாத்துக்கோ. பூண்டும் சோம்பும் தட்டித்தான் போடணும், அரைக்கக்கூடாது. எண்ணெ பிரிஞ்சப்புறம்தான் எறா. இன்னா பாத்தே, சொல்லு?"

பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட என்னை அவ்வளவு படுத்தியதில்லை. நான் திருப்பிச் சொல்லி முடித்ததும், "போ, உங்க சித்தியாண்ட சல்லடை வாங்கினு வா" என்று விரட்டினாள். போனேன். சித்தி சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்கம்மா எறால இன்னா போட்டா?" என்றாள். சொல்லாவிட்டால் சல்லடை வராது. சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் வேவு பார்த்துவிட்டோம், இரண்டு பேருக்குமே தெரியாது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி சுட்டு முடிந்த பேக்கரி அடுப்பின் சூட்டில் எல்லார் தட்டுகளும் வெந்து, ஆன்ட்டி வீட்டு மேஜைக்கு வந்தன. ஆன்ட்டி அம்மாவின் பையில் ஒரு துண்டு தின்றாள். அடுத்து சித்தியுடையதில் ஒரு துண்டு. மறுபடி அம்மாவுடையது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாமா இது? ரெண்டும் ஒரே கை. ஒரு வூட்டுக்கு ஒரு பை தான்னு சொன்னேனா இல்லியா? ரெண்டுமே தள்ளுபடி!"

"அதெப்டி ஒரே வூடுன்னு சொல்லலாம்?" என்று அம்மாவும் சித்தியும் ஒரே மூச்சில், ஒரே வார்த்தையில் சண்டைக்குப் போனார்கள். தெருவே சிரித்தது. தட்டு, உருளைக்கிழங்கு அடைத்த பை கொண்டுவந்த கறிக்கடைக்காரர் மனைவிக்குப் போனது.

திரும்பி வரும்போது நான் நடுவில் நடந்தேன்.

"கறிக்கடைக்காரி செஞ்சது இன்னா பையா? கோந்து!" என்றாள் அம்மா, என் தலைக்கு மேலே.

"உருளக்கெழங்க மசிக்கக்கூட தெரில, அக்கா" என்றாள் சித்தி.

"பேக்கரி அடுப்புதான் நம்மள கவுத்துட்ச்சி. சூடு பத்தல."

"நம்ம வூட்டாண்டயே ஒண்ணு கட்டிக்கினா இன்னா?"

நான் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் என்னிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் என் ஆட்டத்தையெல்லாம் கெடுத்தது எதற்காக?

திங்கட்கிழமை கொத்தனார் வந்து, சுவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். "செவுரு இன்னா செவுரு? கொல்லையில ஒரு பேக்கரி அடுப்பு கட்டு" என்றாள் அம்மா. நைனாவும் சித்தப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தச் செங்கல் முழுவதும் அடுப்புக்கே சரியாகப் போனது.

அன்று சித்தியின் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். போகிறபோது சமையலறைச் சுவரைப் பார்த்தேன். எங்கள் சல்லடை எப்போதும்போல ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே ஒன்றை வைத்துக்கொண்டு, என்னை எதற்கு அத்தனை தூரம் அலைக்கழித்தாள் என்று அம்மா மேல் அன்றைக்கெல்லாம் கோபமாக இருந்தேன்.